1131 வைகாசி: ஒரு கல்யாணத்தின் சான்றைத் தேடி

அமெரிக்காவில் குடியிருக்கும் பேரன் ஒருவர் தம் குடும்பத்தின் வம்சாவளியை முறையாக எழுதிவைக்க விரும்பினார். அதற்கென்று அங்கே கிடைக்கும் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டே வந்தவர், பாட்டி தாத்தாவின் கட்டத்தில் நின்றுவிட்டார். திருமண உரிமத்தின் எண், அதை வழங்கிய அலுவலகம், வழங்கிய நாள் என்று மூன்று இடங்கள் காலியாக இருந்தன. பாட்டி இன்றும் பண்பொழியில் இருக்கிறார். பழைய காகிதக் கட்டு ஒன்றும் வீட்டில் இருக்கிறது. உள்ளூர் ஆவணங்களோடு பழகியவன் என்பதால் பேரன் அந்தக் கேள்வியை எனக்கு அனுப்பினார்.

படிவம் அப்படிக் கேட்பதில் தவறில்லை. அமெரிக்காவில் மணமக்கள் முதலில் கவுண்டி எழுத்தரிடம் போய் உரிமம் பெற வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குள் காலாவதியாகிவிடும். திருமணத்தை நடத்திவைப்பவர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியதும் திருமணம் பதிவாகும். இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுச் சட்டம், தேவாலயத்தில் முன்னறிவிப்பு வாசித்திருக்க வேண்டும், இல்லையேல் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. இந்த ஏற்பாடுகளில் அரசோ திருச்சபையோ கல்யாணத்துக்கு முன்பே வந்து நிற்கிறது. எனவே அந்நாட்டு வம்சாவளி ஆய்வாளர்கள் முதலில் தேடுவது உரிமத்தைத்தான். தென்காசிச் சீமையில் அதற்கு நிகரான காகிதம் ஏதாவது உண்டா என்பதே என் முன் இருந்த கேள்வி.

கட்டில் முதலில் கைக்கு வந்தது கல்யாணப் பத்திரிகை. பெண் செங்கோட்டை, மாப்பிள்ளை தென்காசி. முகூர்த்தம் செங்கோட்டையில் பெண் வீட்டில். குடும்பம் பண்பொழிக்குக் குடிவந்தது பின்னாளில். குற்றாலச் சாரல் பரவும் ஊர்களில் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஈரம் என்ன செய்யும் என்பது தெரியும். பத்திரிகையின் ஒரு விளிம்பு உதிர்ந்திருந்தது, மை ஊறிப் பரவியிருந்தது. தெளிவாக மிஞ்சியவை இவை: கொல்லம் 1131, வைகாசி மாதம், தேதியில் ‘2’ என்ற முதல் இலக்கம். அதற்குப் பின் இன்னோர் இலக்கம் இருந்ததா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தமிழ் வருஷத்தின் பெயர் இருந்த இடத்தில் கிழிசல். கிழிசலுக்கு அப்பால் ‘முகி’ என்ற இரண்டு எழுத்துகள். பத்திரிகையின் தலைப்பில் யாரோ பிற்காலத்தில் பென்சிலால் ‘1955’ என்று எழுதியிருந்தார்கள்.

கொல்லம் ஆண்டு என்பது சேர நாட்டில் கி.பி. 825-இல் தொடங்கிய கணக்கு. திருவிதாங்கூரில் அரசு ஆவணங்கள் அதில்தான் எழுதப்பட்டன. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் அது சாதாரணம். தென்பகுதியில் அந்த ஆண்டு ஆவணி முதல் நாளில் பிறக்கும், ஆடி கடைசியில் முடியும். ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி தொடங்கி ஆடி முடிய 825-ஐக் கூட்ட வேண்டும். பென்சிலால் எழுதியவர் 824-ஐக் கூட்டியிருக்கிறார். ஆவணிக் கல்யாணம் என்றால் அது சரி. வைகாசிக்கு 825. அப்படியானால் 1956.

ஒரே ஒரு கூட்டலை நம்பி முடிவு கட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கிழிசலுக்கு அப்பால் இருந்த இரண்டு எழுத்துகள் துணைக்கு வந்தன. தமிழ் ஆண்டுச் சுழற்சியில் 1955 சித்திரையில் பிறந்தது மன்மத வருஷம். 1956 சித்திரையில் பிறந்தது துன்முகி. அறுபது பெயர்களில் ‘முகி’ என்று முடிவது இது ஒன்றுதான். ஸ்ரீமுக நெருங்கி வரும், ஆனால் அதன் முடிவு ‘முக’. அதுவும் 1933-இல் வந்துபோனது.

கட்டில் இருந்த மொய் நோட்டும் இடையூறு செய்யவில்லை. எல்லா வரவும் ரூபாய், அணாவில் எழுதப்பட்டிருந்தன. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. ஆனால் இந்தச் சான்றுக்கு நான் அதிக எடை தரவில்லை. அணாக் கணக்கு சட்டத்தில் மறைந்த பிறகும் மக்கள் வாயிலும் நோட்டிலும் வெகுகாலம் இருந்தது. கூட்டல், வருஷப் பெயர் ஆகிய இரண்டும் 1956 என்று ஒருசேரச் சொல்கின்றன. மொய் நோட்டு அதை மறுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஓர் ஆண்டு முன்பின் ஆனால் என்ன என்று கேட்கலாம். இந்த இடத்தில் அந்த ஓர் ஆண்டு பெரியது. இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 மே 18. வைகாசி பிறப்பது மே மாதத்தின் நடுவில். பென்சில் எழுத்தின்படி 1955 என்றும், தேதி வெறும் 2 என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கல்யாணம் சட்டம் பிறப்பதற்கு ஓரிரு நாள் முந்தியதாகிவிடும். அப்போது இந்தச் சட்டத்தில் அதற்கான சான்றைத் தேடுவதில் பொருளே இல்லை. 1956 என்று உறுதியானதால், தேதி 2 ஆனாலும் 20-க்கு மேல் ஆனாலும், கல்யாணம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

ஆண்டு தெளிந்ததும் இடம் சிக்கலானது. செங்கோட்டை 1956 வைகாசியில் சென்னை மாநிலத்தில் இல்லை. அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த ஊர். 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது புதிய மாநிலத்தோடு போயிற்று. மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1-ஆம் தேதி, சென்னை மாநிலத்துக்கு வந்தது. தென்காசியோ அந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். ஆக மாப்பிள்ளை ஒரு மாநிலத்தவர், பெண் இன்னொரு மாநிலத்தவர். இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல் வயல்தான்.

இந்துத் திருமணச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் பொது என்பதால் அதன் வாசகத்தை முதலில் பார்த்தேன். ஐந்தாம் பிரிவு நிபந்தனைகளைச் சொல்கிறது. இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது. தடுக்கப்பட்ட நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது, வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டு. அத்தை மகள், மாமன் மகள் கல்யாணம் தமிழ்நாட்டில் தடையின்றி நடப்பது இந்த விலக்கால். வயது, அன்றைய வாசகப்படி, ஆணுக்கு 18, பெண்ணுக்கு 15. ஏழாம் பிரிவு, இரு தரப்பில் ஒருவரின் வழக்கச் சடங்குப்படி கல்யாணம் நடக்கலாம் என்கிறது. இவற்றில் எந்த இடத்திலும் முன்கூட்டி அலுவலகம் போகச் சொல்லவில்லை. உரிமம் என்ற பேச்சே இல்லை.

எட்டாம் பிரிவு பதிவைப் பற்றியது. பதிவுக்கான விதிகளை மாநில அரசுகள் வகுத்துக்கொள்ளலாம். பதிவு செய்யாமல் விட்டாலும் கல்யாணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று அதன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. அப்படியானால் அந்தந்த மாநில விதிகள் எப்போது வந்தன என்று பார்க்க வேண்டும். கேரள இந்துத் திருமணப் பதிவு விதிகள் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதற்குள் செங்கோட்டை கேரளத்தின் கையை விட்டுப் போயிருந்தது. தமிழ்நாட்டின் விதிகளோ 1967-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒரு மாநிலத்தின் பதிவேடு திறப்பதற்கு முன் அங்கிருந்து வெளியே வந்துவிட்ட ஊர், இன்னொரு மாநிலத்தின் பதிவேடு திறக்கும்வரை பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் விழுந்த கல்யாணம் இது.

இதோடு தேடலை முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் செய்தது ஆச்சியின், அதாவது பேரனின் பாட்டியின், வாய்மொழி.

“ஆச்சி, ஒங்க கல்யாணத்த எங்கயும் எழுதிப் பதிஞ்சாங்களா?” என்று கேட்டேன்.

“பதியாமலா? எங்க ஐயா ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாவ. கூறச் சேலையோட போனேன். அவுகளும் கூட வந்தாவ. ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாவ. பொறவு திருமலைக்குப் போயி முருகனக் கும்பிட்டுட்டு வந்தோம்.”

குடும்பத்திலும் அது ‘ரிஜிஸ்தர் கல்யாணம்’ என்றே பேசப்பட்டு வந்திருக்கிறது. அப்படி ஒன்று நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சிறப்புத் திருமணச் சட்டம் 1955 ஜனவரி 1-ஆம் தேதியே நடைமுறைக்கு வந்திருந்தது. இந்திய மண்ணில் உரிமத்துக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு அதுதான். மணமக்களில் ஒருவராவது முந்தைய 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அலுவலர் அதை அறிவிப்புப் புத்தகத்தில் எழுதுவார். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அறிவிப்பின் நகல் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் கல்யாணம். அறிவிப்புத் தந்து மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இதற்கு மூத்தது 1872-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம். கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தினர் கேட்டுப் பெற்றது. அதன்படி மணம் முடிக்க விரும்பியவர்கள் தாங்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர், சமணர், சீக்கியர், பார்சி, யூதர் ஆகிய எந்த மதத்தையும் சாராதவர்கள் என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. ஹரி சிங் கௌர் கொண்டுவந்த 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்களுக்கு அந்த நிர்ப்பந்தத்தைத் தளர்த்தியது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் அதை முற்றிலும் எடுத்துவிட்டது. அறிவிப்புப் புத்தகம் மட்டும் பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு அப்படியே நடந்துவந்தது. காலம் மட்டும் பதினான்கு நாளிலிருந்து முப்பதாக நீண்டது.

ஆச்சியின் கல்யாணம் அந்தப் புத்தகத்தில் இருக்குமா? ஒரு சிறு விஷயம் என்னைத் தடுத்தது. சிறப்புத் திருமணச் சான்றிதழில் மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஆச்சி இரண்டு பேர் என்றார். வேறொரு நாள், வேறு பேச்சுக்கு நடுவே திரும்பக் கேட்டபோதும் இரண்டு என்றே சொன்னார், அவர்கள் யார் என்பதையும் சொன்னார். எழுபது ஆண்டுக்கு முந்திய நினைவில் எண்ணிக்கை பிசகலாம். ஆள் அடையாளத்தோடு சொல்லும்போது பிசகுவது குறைவு. இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் முன் நடக்கும் காரியம் என்றால், அது பெரும்பாலும் நிலம்.

கட்டின் அடியில், துணியில் சுற்றி, அது இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம். தலைப்பு ‘ஸ்திரீதன செட்டில்மெண்டு’. ஸ்திரீதனம் என்பது பெண்ணுக்கே சொந்தமாகத் தரப்படும் சொத்து. இன்று வரதட்சணை என்று நாம் ஏசும் வழக்கத்தோடு அதைக் குழப்பக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பணம் வேறு, மகள் பெயரிலேயே எழுதும் நஞ்சை வேறு. பத்திரத்தின் நடை அந்தக் காலத்துச் செங்கோட்டை நடை. பெயரைத் திரும்பச் சொல்லாமல் ‘ஷை’ என்று எழுதியிருக்கிறது. மேற்படி என்று பொருள். ‘குமாரத்தி’ என்றால் மகள். ‘பாரியாள்’ என்றால் மனைவி. கையெழுத்துக்குக் ‘கைச்சாத்து’.

எழுதிக்கொடுப்பவர் தகப்பனார். எழுதிவாங்குபவர் மகள், வயது 17, தென்காசியைச் சேர்ந்த இன்னாரின் பாரியாள். கழிந்த வைகாசி மாதம் அவளை விவாகம் செய்துகொடுத்ததை முன்னிட்டு நிலம் தரப்படுவதாக வாசகம். பத்திரத்தின் தேதி கொல்லம் 1131 ஆனி. கொல்லம் ஆண்டு ஆடியில் முடிவதால் வைகாசிக்கு அடுத்த ஆனியும் அதே 1131-தான். பின்பக்கத்தில் பதிவாளரின் குறிப்பில் ஆங்கிலத் தேதியும் இருந்தது. ஆண்டு 1956. பென்சிலுக்கும் கிழிசலுக்கும் நடுவே நான் ஊகித்தது இங்கே அரசு மையில் இருந்தது.

இன்னொரு வரி, முதல் வாசிப்பில் என் கண்ணில் தங்காமல் போனது, பிறகு முக்கியமாயிற்று. எழுதிவாங்குபவர் மைனர் என்பதால் அவருக்காகக் கணவர் கார்டியனாக ஏற்றுக்கொள்வதாக எழுதி, அவர் கைச்சாத்தும் இருந்தது. பழைய இந்துச் சட்ட மரபில் மைனரான மனைவிக்குக் கணவரே காப்பாளர். நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுப்பவர் ஆபீசுக்கு வந்தால் போதும். வாங்குபவர் வர வேண்டும் என்பதில்லை. புது மாப்பிள்ளை ஏன் வந்தார் என்பதற்கு இந்த ஒரு வரிதான் விளக்கம். மனைவிக்கு இன்னும் 18 நிறையாததால் அவர் கணவர் என்று எழுத்தில் நின்றார். மனைவிக்கு 18 ஆகியிருந்தால் இந்தக் கையெழுத்தே இருந்திராது.

அதே 17 இன்னொரு கதவையும் திறந்தது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் அன்றைய வாசகப்படி, பெண்ணுக்கு 15 நிறைந்து 18 நிறையாமல் இருந்தால், காப்பாளரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை யார் யார் தரலாம் என்று வரிசைப்படுத்தியது ஆறாம் பிரிவு. முதலில் தகப்பனார். 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெண்ணின் வயது 18 என்றும் ஆணின் வயது 21 என்றும் உயர்ந்தபோது அந்தப் பிரிவுக்கு வேலையில்லாமல் போய் நீக்கப்பட்டது. ஆக, 1956-இல் இந்தக் கல்யாணத்துக்கு முன்கூட்டி யாருடைய அனுமதியாவது சட்டப்படி தேவைப்பட்டது என்றால், அது தகப்பனாருடையது மட்டும். கல்யாணம் செய்துகொடுத்தேன் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட தாள் என் கையில் இருந்தது. அமெரிக்கப் படிவம் கேட்கும் உரிமத்துக்கு இந்தக் கல்யாணத்தின் காகிதங்களில் நிகர் தேடினால், இந்தத் தகப்பனின் கைச்சாத்தைவிட அருகில் வருவது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் அந்த 17-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அக்காலப் பத்திரங்களில் வயது என்பது சொல்லி எழுதியது. பிறப்புச் சான்று பார்த்து எழுதியது அல்ல. மைனர் என்ற நிலையிலிருந்து சட்ட விளைவுகள் வந்ததால் எழுதியவர்கள் கவனமாக இருந்திருப்பார்கள் என்று கொள்ளலாம், அதற்கு மேல் அல்ல.

வீட்டில் இருக்கும் பத்திரம் ஒரு பிரதி. அதன் நகல் சார்பதிவகத்தின் புத்தகம் 1-இல் ஏறியிருக்க வேண்டும். அசையாச் சொத்து சம்பந்தமான பத்திரங்களை நகலெடுத்து வைக்கும் புத்தகம் அது. பதிவுச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அதைப் பார்க்கலாம். அதற்குப் பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று. கணவர் பெயரில் தேடினால் எதுவும் வராது, ஏனென்றால் சொத்து அவருடையது அல்ல. தகப்பனார் பெயரில் எழுதிக்கொடுத்தவராகத் தேட வேண்டும். செங்கோட்டைப் பெயர்களில் சிலர் வீட்டுப் பெயரை முன்னால் வைத்திருக்கிறார்கள், சிலர் தகப்பன் பெயரை. அட்டவணை எழுதிய குமாஸ்தா எதை முதல் எழுத்தாகக் கொண்டார் என்று ஊகித்துத்தான் பக்கம் புரட்ட வேண்டும். வீட்டுப் பெயரின் முதல் எழுத்தில் இருந்தது. நகலும் பத்திரமும் பொருந்தின.

இப்போது ஆச்சியின் நினைவைத் திரும்பப் பார்க்கலாம். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனது உண்மை. மாப்பிள்ளை வந்தது உண்மை. சாட்சி இருவர் என்பது உண்மை. பத்திரத்தில் அவர் சொன்ன அதே இருவர். கூறைச் சேலை உடுத்தியிருந்ததும் உண்மையாக இருக்கலாம், கல்யாணமான முதல் மாதங்களில் விசேஷ நாளுக்கு அதை உடுத்துவது இயல்பு. வைகாசியில் முகூர்த்தம், ஆனியில் பத்திரப் பதிவு என்ற இரண்டு நாள்கள் நினைவில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பதிந்தது நிலம். ஆனால் அந்த நிலத்தின் பத்திரம் கல்யாணத்தையும் தன்னோடு பதிந்துவைத்துவிட்டது.

சட்டத்தின் முன் இதற்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எஞ்சுகிறது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட, இருக்க வேண்டிய இடத்தில் இருந்து கிடைத்த ஆவணத்தை உண்மையானதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஆணும் பெண்ணும் நெடுநாள் கணவன் மனைவியாக வாழ்ந்தால் கல்யாணம் நடந்ததாகக் கொள்ளலாம் என்பதும் பழைய கோட்பாடு. 1978-இல் பத்ரி பிரசாத் வழக்கில், ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களின் கல்யாணத்துக்கு இப்போது சடங்கு நடத்தியவரைக் கொண்டுவா, சாட்சியைக் கொண்டுவா என்று கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆச்சிக்குச் சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. பேரனுக்கும் ஆவணத்தின் எண், புத்தகம், பக்கம் எல்லாம் கிடைத்தன. உரிமம் என்ற இடத்தில் மட்டும் ‘அக்காலச் சட்டம் கோரவில்லை’ என்று எழுதச் சொன்னேன்.

இந்தத் தேடலில் பக்கவாட்டில் பார்த்த சிலவற்றையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் வடகரையிலோ கடையநல்லூரிலோ தென்காசியிலோ நடந்த ஒரு நிக்காஹ், ஜமாஅத்தின் தப்தரில், அதாவது பள்ளிவாசல் திருமணப் பதிவேட்டில், மஹர் தொகையோடும் சாட்சிகளின் கையெழுத்தோடும் ஏறியிருக்கும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போன முஸ்லிம்களுக்கு அங்கேயும் பதிவேடு காத்திருந்தது. முஸ்லிம் திருமணப் பதிவுக்கான சட்டம் அங்கே 1880-லேயே வந்துவிட்டது. சுரண்டைப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் நடந்த கல்யாணம், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஆலயப் பதிவேட்டில் இருக்கும். அந்தச் சட்டத்தில் உரிமம் உண்டு. ஆனால் அது மணமக்களுக்கானதல்ல, திருமணத்தை நடத்திவைக்க அரசு ஒருவருக்குத் தரும் உரிமம். இந்துக் கல்யாணத்துக்கு மட்டும் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆள் இல்லை. ஊர் பார்த்தது, அக்கினி பார்த்தது என்பதோடு சரி.

இன்று நிலைமை வேறு. சீமா வழக்கில் 2006 பிப்ரவரி 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லா மதத்தவரின் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. கேரளம் 2008-இல் பொது விதிகளை வகுத்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, பத்திரிகை அல்லது கோயில் ரசீது, புகைப்படம், சாட்சிகள் என்று பட்டியல் நீளும். ஆனாலும் இது நடந்து முடிந்த கல்யாணத்தை எழுதுவதற்கான பட்டியல். முன்கூட்டிக் கேட்கும் காகிதங்களைப் பார்க்க வேண்டுமானால் கோயில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கோயிலில் முகூர்த்தம் வைக்க வருபவர்களிடம் பல தேவஸ்தானங்கள் இருவரின் வயதுச் சான்றையும், முன்பு திருமணமாகவில்லை என்ற வருவாய்த் துறைச் சான்றையும் கேட்கின்றன.

ஆச்சியின் கல்யாணம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவர் தகப்பனாருக்கு எழுதிக்கொடுக்க நஞ்சை இருந்தது என்பதுதான். புத்தகம் 1-ஐப் புரட்டிக்கொண்டு போகும்போது இது உறைத்தது. அதில் வரும் மகள்கள் எல்லாரும் நிலம் உள்ளவர்களின் மகள்கள். அதே 1131 வைகாசியில், அதே நஞ்சையில் நாற்று நட்ட பெண்களுக்கும் கல்யாணம் நடந்திருக்கும். அவர்களுக்கு எழுதிக்கொடுக்க எதுவும் இல்லாததால் எந்த ஆபீசின் எந்த அட்டவணையிலும் அவர்கள் இல்லை. கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாலும், அவன் இறந்தபின் பங்கு கேட்க நேர்ந்தாலும், சொல்லுக்குச் சொல்தான் சான்று. ஊர்ப் பெரியவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் உண்மை. கல்யாணத்தை அரசு ஏன் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். 2009-க்குப் பிறகு பதிந்த கல்யாணங்களை நாளை ஒருவர் தேட வந்தால், நிலம் வைத்திருந்தவர் மகளையும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர் மகளையும் ஒரே பதிவேட்டில், ஒரே கட்டணத்தில், அடுத்தடுத்த எண்களில் பார்ப்பார். 1956-இன் புத்தகங்கள் எதிலும் அப்படியொரு பக்கம் இல்லை.